மிச்ச ஈயம்

லேத்து வந்து இறங்கிய அன்று அவள் வாசலில் நின்று சிரித்தாள். அதைச் சிரிப்பு என்று சொல்வதைவிட வயிற்றெரிச்சல் என்று சொல்லலாம். இருபத்திரண்டு வருஷம் பம்பு கம்பெனியில் கடைசல் வேலை பார்த்த புருஷன், கம்பெனி கேட்டை இழுத்து மூடியதும், லேத்து மிஷின் ஒன்று வாங்கி வீட்டுப் பின்னறையிலேயே பட்டறை போடுகிறேன் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். மிஷின் என்றால் மிஷின் மாதிரி ஒன்று வரும் என்று அவளும் நம்பியிருந்தாள். வண்டியிலிருந்து இறங்கியது மூன்று பெரிய துண்டுத் துருவும் ஒரு சாக்கு நிறையப் பல்சக்கரமும். எல்லாவற்றின் மேலும் எண்ணெய்ப் பிசுக்கு தார் மாதிரி காய்ந்திருந்தது. போதாததற்குக் கோழி எச்சம்.

"இதைத்தான் மிஷின்னு சொன்னீங்களா?"

"மேல பார்க்காத. உள்ள எலும்பு நல்லா இருக்கு" என்றான் அவன்.

"எலும்பு நல்லா இருக்குன்னு யாராவது பிணத்தை வீட்டுக்குள்ள தூக்கிட்டு வருவாங்களா?"

தூக்கிக்கொண்டிருந்த நாலு பேரும் சுமையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அவனுக்குத் தெருவில் 'அரைநூல்' என்று பெயர். எந்த வீட்டுக்குப் போனாலும் சுவரில் மாட்டிய படத்தையோ கதவு நிலையையோ ஒற்றைக் கண்ணால் பார்த்து "அரை நூல் சாஞ்சிருக்கு" என்று சொல்லிவிடுவான். சாய்ந்துதான் இருக்கும். கல்யாணமான புதிதில், அவள் வகிடு அரை நூல் இடப்பக்கம் போகிறது என்று சொல்லி ஒரு வாரம் பேச்சு வாங்கியவன்.

அன்றிலிருந்து பின்னறை அவனுடையது. காலையில் ஒரு டம்ளர் டீயோடு உள்ளே போவான். மண்ணெண்ணெயில் ஊறவைத்த துணியால் துடைப்பான், கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பான், தட்டை உளியால் பழைய பெயிண்டைச் சுரண்டுவான். பச்சைக்குக் கீழே சாம்பல் நிறம், அதற்கும் கீழே செம்மண் நிறம் என்று மிஷின் எத்தனை கை மாறியதோ அத்தனை பூச்சு. இறுகிப்போன நட்டுகளை அவன் ஒருபோதும் அடித்துக் கழற்றவில்லை. எண்ணெய் விட்டு, சூடு காட்டி, ஆறவிட்டு, மறுநாள் மறுபடி எண்ணெய் விட்டு, ஒரு நட்டுக்கு நாலு நாள் காத்திருப்பான். "பெண்டாட்டிகிட்ட இந்தப் பொறுமை இருந்திருந்தா நான் ராணி மாதிரி இருந்திருப்பேன்" என்று அவள் அடுப்படியிலிருந்தே சொல்வாள்.

அந்த அறைக்குள் அவள் காலெடுத்து வைத்ததில்லை. மண்ணெண்ணெய் நெடி அவளுக்குத் தலைவலி கொடுக்கும். அவன் வேலைத் துணியை அவனே துவைத்துக்கொள்வான். பட்டறைக்காரன் துணியைத் தொட்டால் ஒரு கட்டி சோப்பு போய்விடும் என்பது அவள் கட்சி. ஆறு வயது மகள் சிட்டு மட்டும் முதல் வாரம் அந்த அறை வாசலில் உட்கார்ந்து, உதிர்ந்த பச்சைப் பெயிண்டுச் செதில்களைப் பொறுக்கிச் சொப்புச் சாமானில் கீரை சமைத்தாள். அதைப் பார்த்த அம்மா அன்றே மகள் முதுகில் ஒன்று வைத்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு சிட்டு அந்தப் பக்கம் போகவில்லை.

மூன்றாவது மாதம் தலைப்பகுதியின் பேரிங்கைப் பிரித்துப் பார்த்தவன் முகம் தொங்கிப்போய் வந்தான். தண்டு சுற்றுகிற இடத்தில் ஊற்றியிருந்த உலோகம் தேய்ந்து வெடித்துவிட்டதாம். இந்தக் காலத்து மிஷின் மாதிரி கடையில் பேரிங் வாங்கி மாட்ட முடியாது. பழசை உருக்கி எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். காயலான் கடையில் இரண்டு நாள் கிடந்து, அதற்கென்று கட்டிகள் பொறுக்கிக்கொண்டு வந்தான்.

ஊற்றிய நாள் அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. நல்ல வெயில். பின்வாசலில் கரி அடுப்பு மூட்டி, நீளக் காம்பு வைத்த இரும்புக் கரண்டியில் கட்டிகளைப் போட்டிருந்தான். ஊற்றுவது ஒட்டாமலிருக்கத் தண்டைத் தீபப் புகையில் காட்டிக் கரி ஏற்றி, பேரிங் கூட்டுக்குள் நிறுத்தி, இரண்டு பக்கமும் களிமண்ணால் அடைத்திருந்தான். சிட்டுவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு அவள் எட்டவே நின்றாள். கரண்டிக்குள் கட்டி கரைந்து, மேலே அழுக்கு ஏடு மிதந்தது. அதை அவன் ஒதுக்கியதும் உள்ளே பளிச்சென்று இருந்தது. ஒரு மரக் குச்சியை அதில் விட்டு எடுத்தான். குச்சி கருகியது. பதம் வந்துவிட்டது.

"என்னங்க அது, வெள்ளி மாதிரி?"

"ஈயம்."

"வெறும் ஈயமா?"

"ஈயம்தான், வேற என்ன? பேச்சுக் கொடுக்காத, கை ஆடும்."

ஒரே மூச்சில், நடுவில் நிறுத்தாமல் ஊற்றினான். நிறுத்தினால் ஒட்டுப் போட்டதாகிவிடும். ஊற்றி முடித்து, அரை மணி நேரம் அந்த இடத்தைவிட்டு நகராமல் உட்கார்ந்திருந்தான். கரண்டியில் மிஞ்சியது உறைந்து, வட்டமாக, பன்ரொட்டி அளவில் ஒரு கட்டியாக விழுந்தது. அதைப் பின் ஜன்னல் விளிம்பில் வைத்தான். "மிச்சம் கிடக்கட்டும். பின்னாடி உதவும்."

உதவியது. மூன்று வாரம் கழித்து, அவன் வேலை கேட்டு வெளியே போயிருந்த ஒரு முற்பகலில், பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் தெருவில் குரல் கொடுத்தார். அவள் அம்மா வீட்டிலிருந்து வந்த பித்தளைச் சட்டி, பூச்சு போய் மஞ்சள் தெரிய, ஒரு வருஷமாகப் பரணில் கிடந்தது. கூலியைவிட ஈயம்தான் விலை என்று அவர் இழுத்தார். அவளுக்கு ஜன்னல் ஞாபகம் வந்தது.

"ஈயம் எங்ககிட்டயே இருக்கு. பூசற கூலி மட்டும் சொல்லுங்க."

அவர் கட்டியை வாங்கி, புரட்டி, நகத்தால் கீறிப் பார்த்தார். "கொஞ்சம் கறுப்படிக்குதே அக்கா."

"எங்க வீட்டுக்காரர் மிஷினுக்கே ஊத்தின ஈயம்யா. இரும்பே சுத்துது அதுல. மட்டமானதா வாங்குவாரு?"

"அப்ப சரி. எனக்கென்ன?"

சட்டியைத் துருத்தி நெருப்பில் காய வைத்து, நவச்சாரத்தைத் தூவினார். வெள்ளைப் புகை எழும்பிக் கண்ணைக் கரித்தது. கட்டியை உள்ளே தேய்த்து, பஞ்சால் ஒரு சுழற்று சுழற்றினார். சட்டியின் உள்பக்கம் முழுவதும் வெளுத்து மின்னியது. அவள் குனிந்து பார்த்தபோது அவள் முகமே தெரிந்தது. மிஞ்சிய துண்டில் இரண்டு பித்தளை டம்ளருக்கும் பூசிக்கொடுத்துவிட்டுப் போனார். வீட்டில் இருப்பதை வைத்தே காரியத்தை முடித்துவிட்டோம் என்று அவளுக்கு அன்று முழுக்க மனசு நிறைந்திருந்தது.

சாயங்காலம் அவன் வந்து ஜன்னலைப் பார்த்தான். "இங்க ஒரு கட்டி வச்சேனே?"

"உங்க மிஷின் மட்டும்தான் பளபளன்னு இருக்கணுமா? வீட்டை விட்டு எங்கயும் போகல. இங்கதான் இருக்கு."

பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான். அன்றைக்கு அவனுக்கு நல்ல மனநிலை. முதல் வேலை கிடைத்திருந்தது.

லேத்து ஓடியது. சும்மா சொல்லக் கூடாது, அழகாகவே ஓடியது. சத்தமே இல்லாமல், தையல் மிஷின் மாதிரி. அவன் கடைந்த இரும்பிலிருந்து நீல நிறச் சுருள் அறுபடாமல் கை நீளத்துக்கு வந்தது. அதை அடுப்படி வாசலுக்குக் கொண்டுவந்து தூக்கிக் காட்டினான். மாவு மில்காரர் கடையச் சொல்லி ஒரு தண்டு கொடுத்தார், சைக்கிள் கடைக்காரர் அச்சுக்கு மாட்டும் புஷ் வளையம் ஒன்று செய்யக் கொடுத்தார். அவளும் மனசுக்குள் பிணம் என்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். வாய்விட்டுச் சொல்லவில்லை, சொன்னால் அவன் தலைகால் புரியாமல் ஆடுவான்.

சமையலும் அப்போதுதான் கைகூடியது. தக்காளியை வேகவைத்து மசித்து அவள் வைக்கும் சாற்றை சிட்டு அதுவரை வாயில் வைத்ததில்லை. "புளிக்குது" என்று துப்பிவிடுவாள். பித்தளைச் சட்டியில் வைக்க ஆரம்பித்த பிறகு கேட்டு வாங்கிக் குடித்தாள். சாற்றில் எங்கிருந்தோ ஒரு மெல்லிய இனிப்பு வந்திருந்தது. நல்ல பாத்திரத்தில் வைத்தால் ருசியே வேறு என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் அவள் பெருமையடித்துக்கொண்டாள்.

சிட்டுவுக்கு முதலில் வயிற்று வலி வந்தது. மலம் இறுகிப்போய் நாலு நாள், ஐந்து நாள் ஆனது. தெரு முனை டாக்டர் பூச்சிக்கு மருந்து கொடுத்தார். பூச்சி ஒன்றும் விழவில்லை. முகம் வெளிறியது. ஓடி விளையாடுகிறவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தாள். எதைக் கொடுத்தாலும் வேண்டாம் என்றவள் சாறு மட்டும் குடித்தாள். ஏதோ அதுவாவது இறங்குகிறதே என்று அம்மா காலையிலும் மாலையிலும் வைத்தாள். அவனுக்குச் சாறு பிடிக்காது, பிள்ளை மிச்சம் வைப்பதை அவளே குடித்துத் தீர்த்தாள். பிள்ளைக்குத் தெம்பு வரட்டும் என்று தக்காளியைக் கூடப் போட்டாள், நிறைய நேரம் கொதிக்க விட்டாள்.

பள்ளிக்கூடத்து டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். "முன்னாடி எழுத்தெல்லாம் முழுசா எழுதினவ. இப்ப 'ஆ'வுக்கு அப்புறம் என்னன்னு கேட்டா என் முகத்தையே பார்க்கறா. வீட்டுல ஏதாவது சண்டையா?"

"சண்டை எல்லாம் இல்ல டீச்சர். உடம்புக்குத்தான் முடியல."

அடுத்த வாரம் வகுப்பிலேயே கை கால் வெட்டிக்கொண்டு விழுந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தம் எடுத்தார்கள், தலையைப் படம் எடுத்தார்கள். மூன்றாம் நாள் டாக்டரம்மா இருவரையும் உட்கார வைத்தார்.

"குழந்தை ரத்தத்துல லெட் ரொம்ப அதிகமா இருக்கு."

"லெட்டுன்னா?" என்றாள் அவள்.

"ஒரு விஷம். பழைய பெயிண்ட்ல இருக்கும், பாட்டரில இருக்கும். வீட்டுல அந்த மாதிரி வேலை ஏதாவது நடக்குதா?"

அரைநூல் தன் கைகளைப் பார்த்தான். நகக்கண்ணில் இன்னும் கறுப்பு இருந்தது. "பழைய மிஷின் பெயிண்ட் சுரண்டினேன் மேடம். பேரிங் ஊத்தறதுக்கு உருக்கவும் செஞ்சேன். அவ வாசல்ல உட்கார்ந்து விளையாடினா."

அவன் ரத்தத்தையும் பார்த்தார்கள். அவனுக்கும் இருந்தது. வேறு சாட்சி வேண்டுமா?

ஆஸ்பத்திரி நடையில், நாலு பேர் பார்க்க, அவள் அவனைப் பேசினாள். ஒன்பது வருஷக் கல்யாணத்தில் 'நீங்க' என்பதைத் தவிர வேறு வராத வாய் அது. "நீ ஒரு அப்பனா? கீரை சமைச்சு விளையாடின பிள்ளைக்கு விஷத்தைக் கொட்டி வச்சிருக்க. நான் பிணம்னு சொன்னேன்ல? உன் மிஷின் என் பிள்ளையைப் பிணமாக்கப் பாக்குது. அது வீட்டுல இருந்தா நானும் என் பிள்ளையும் அங்க வரமாட்டோம்."

 அவன் பெஞ்சியிலிருந்து எழுந்து, தோளில் கிடந்த துண்டைச் சரியாக நாலாக மடித்து, மறுபடி தோளில் போட்டுக்கொண்டு நடந்து போனான்.

அவன் செய்ததைப் பக்கத்து வீட்டுக்காரி வந்து சொன்னாள். முழுசாகத் தூக்க ஆள் கிடைக்காததால் சம்மட்டியை எடுத்து அவனே உடைத்தானாம். வார்ப்பு இரும்பு ஒரே அடியில் விடாதாம், விழுந்த அடி தெரு முழுக்கக் கேட்டதாம். "உனக்குத் தெரியுமா, அடிக்க அடிக்க அவர் அந்த இரும்போட பேசிட்டே இருந்தாரு" என்றாள். என்ன பேசினான் என்று அவள் கேட்கவில்லை. துண்டுகளை எடைக்குப் போட்டுவிட்டு, பின்னறையை மூன்று தரம் சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, கதவைச் சாத்திவிட்டு, கிடங்கில் மூட்டை தூக்கப் போனான். நாற்பத்தைந்து வயதில், அரை நூல் கணக்குப் பார்த்த கையால் மூட்டை.

மருந்து ஏற்றி, அளவு இறங்கி, சிட்டு வீட்டுக்கு வந்தாள். அம்மாவுக்குப் போன உயிர் வந்தது. பிள்ளையைத் தேற்ற வேண்டும் என்று அன்றைக்கே அடுப்பு மூட்டிச் சாறு வைத்தாள். இரண்டு டம்ளர் குடித்தாள் பிள்ளை.

ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்த்தபோது டாக்டரம்மாவின் நெற்றி சுருங்கியது. இறங்கினது ஏறியிருந்தது. முன்னைவிட அதிகம்.

"மிஷினை எடுத்துட்டீங்கதானே?"

"அது இருந்த இடமே தெரியாம பண்ணிட்டார்."

"உங்க ரத்தத்தையும் பார்ப்போம்" என்றார்.

முடிவு வாங்கப் போன அன்று அவன் கிடங்கிலிருந்து வர முடியவில்லை. அவள் மட்டும் போனாள். டாக்டரம்மா காகிதத்தை மேஜையில் வைத்து விரலால் காட்டினார். மிஷினோடு மாதக்கணக்கில் கிடந்தவனுக்கு இருந்ததைவிட அவளுக்கு இரண்டு பங்கு.

"நான் அந்த ரூமுக்குள்ள கால்கூட வச்சதில்லையே."

"அதனாலதான் கேக்கறேன். இது மிஷின் இல்ல. நீங்களும் குழந்தையும் வீட்டுலயே இருக்கீங்க. ரெண்டு பேரும் சாப்பிடறதுல ஏதோ இருக்கு. என்ன பாத்திரத்துல சமைக்கறீங்க?"

"சில்வர். அப்புறம் ஒரு பித்தளைச் சட்டி. அதுவும் வெறும் பித்தளை இல்லம்மா, ஈயம் பூசினது."

"எந்த ஈயம்?"

அந்தக் கேள்வி அவளுக்கு விளங்கவில்லை. ஈயத்தில் எந்த ஈயம்?

"பாத்திரத்துக்குப் பூசறது வெள்ளீயம். அது ஒண்ணும் பண்ணாது. லெட்டுன்னு நான் சொல்றது காரீயம். ரெண்டையும் ஜனங்க ஈயம்னுதான் சொல்றாங்க. யார் பூசினது? ஈயம் அவர் கொண்டுவந்ததா?"

 ஜன்னல் விளிம்பு, பன்ரொட்டி அளவுக் கட்டி, கறுப்படிக்குதே அக்கா என்ற குரல் எல்லாம் அவள் நினைவில் வரிசையாக வந்தன. டாக்டரம்மா மெதுவாகக் கேட்டார். "புளிப்பா ஏதாவது அதுல வைப்பீங்களா? புளிப்புல காரீயம் கரையும். கரைஞ்சா இனிக்கும்."

வீட்டுக்கு எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. சட்டியையும் இரண்டு டம்ளரையும் எடுத்து நடு வீட்டில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். சொல்லாமலே குப்பையில் போட்டுவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்ததும் உண்மை. யாருக்கும் தெரியப்போவதில்லை. பிள்ளை தேறிவிடும். பழி ஏற்கெனவே ஒருவன் தலையில் இருக்கிறது, அவனும் அதைத் தூக்கப் பழகிவிட்டான். அந்த நினைப்பு வந்ததற்காக அவளுக்குத் தன்னை நினைத்தே அருவருப்பாக இருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் அவன் வந்தான். முதுகில் மூட்டைத் தூசி. நடு வீட்டில் சட்டியைப் பார்த்து நின்றான்.

"அந்த மிச்ச ஈயம் எங்கன்னு ஒரு நாள் கேட்டீங்கல்ல?" என்றாள். "இதோ இருக்கு. நான்தான் பூசச் சொன்னேன். இதுலதான் பிள்ளைக்குச் சாறு வச்சேன். தினமும் வச்சேன்."

அவன் உட்கார்ந்தான். சிட்டுவின் பள்ளிக்கூட நோட்டிலிருந்து எழுதாத ஒரு தாளைக் கிழித்து, சட்டிக்குள் விட்டு அழுத்தித் தேய்த்து எடுத்தான். தாளில் பென்சில் கோடு மாதிரி சாம்பல் நிறத்தில் இழுத்திருந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்து ஒற்றைக் கண்ணால் வெகு நேரம் பார்த்தான்.

"என்னை அடிச்சுடுங்க. உங்களை நாலு பேர் முன்னாடி என்னவெல்லாம் பேசினேன். மிஷினை உங்க கையாலயே உடைக்க வச்சேன்."

"நீ கேட்ட" என்றான் அவன். "வெறும் ஈயமான்னு நீ திருப்பிக் கேட்ட. நான்தான் ஈயம்தான்னு சொன்னேன். காரீயம்னு சொல்லியிருந்தா ஒரு எழுத்துதான் கூட. அந்த ஒரு எழுத்தைச் சொல்ல எனக்கு வாய் வலிச்சுது."

"அந்த ஆளும் கேட்டாரு. கறுப்படிக்குதுன்னாரு. நான்தான் உங்க பேரைச் சொல்லி அவர் வாயை அடைச்சேன்."

அவன் சட்டியைச் சாக்கில் போட்டான். டம்ளர்களையும் போட்டுக் கட்டினான். பின்னறைக் கதவைத் திறந்து உள்ளே கொண்டுபோனான். சுண்ணாம்பு வெள்ளைக்கு நடுவில், தரையில் லேத்தைப் பூட்டியிருந்த நாலு போல்ட்டுத் துளைகள் மட்டும் இருந்தன. அவன் வெளியே வர நேரமாயிற்று. அழுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. போய்த் தொட அவளுக்குத் தைரியம் வரவில்லை.

சிட்டு மறுபடி ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்தாள். அளவு இறங்கியது. பிள்ளை மறந்துபோன எழுத்துகளைப் பற்றிக் கேட்டதற்கு டாக்டரம்மா, "பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னார். போனது போனதுதான் என்று சொல்ல மனசில்லாதவர்கள் சொல்லும் 'பார்க்கலாம்' அது.

வீட்டுக்கு வந்த மறுநாள் பிள்ளைக்குப் பசி வந்தது. எத்தனையோ மாதம் கழித்து, தானாகக் கேட்டாள். "அம்மா, சாறு."

அவள் புதுச் சில்வர் பாத்திரத்தில், கழுவின தக்காளியில் வைத்தாள். ஆறவைத்து டம்ளரில் கொடுத்தாள். அரைநூல் வேலைக்குக் கிளம்பியவன் வாசலிலேயே நின்று பார்த்தான்.

சிட்டு ஒரு வாய் குடித்தாள். முகத்தைச் சுளித்து, டம்ளரைத் தள்ளிவிட்டாள்.

"புளிக்குது. இது வேண்டாம்."

"ஒரு வாய் குடிடா கண்ணு. அம்மா வச்சது."

"இல்ல, இது நீ வச்சது இல்ல. நீ வச்சா இனிக்கும்" என்று அழ ஆரம்பித்தாள் பிள்ளை. "எனக்கு அம்மா வச்ச சாறு வேணும்."